சங்கத்தம்மாவின் குட்டை

புரட்டாசி ஏழாம் நாள் புதன்கிழமை காலை ஜெபகுமாரி மலையேறித் தும்பைக்கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது, குட்டைக் கரையில் ஓட்டை விழுந்து பத்து நாளாகியிருந்தது. ஊரில் இருபத்திரண்டு வீடு. அத்தனை வீட்டுக்கும் அது தெரியும். ஒருவர்கூட ஒரு கூடை மண்ணை அள்ளி அதன் வாயில் வைத்திருக்கவில்லை.

கரையின் வெளிச்சரிவில், முழங்கால் உயரத்தில், மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. இது செம்மண் கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு நல்ல மழை பெய்தால் கரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகும். கீழே மங்கம்மாள் என்பவளின் கொல்லை, அதற்கும் கீழே பதினோரு வீட்டுக் கொல்லைகள், எல்லாவற்றிலும் சாமை கதிர் வாங்கி நின்றது. ஒரு மாதத்தில் அறுப்பு. அதுதான் அந்த ஊருக்கு வருடம் முழுக்கச் சோறு.

ஊர்க்கவுண்டன் அர்ச்சுனன் கொல்லையிலிருந்து ஓடி வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வந்துட்டீங்களா சங்கத்தம்மா! உங்களுக்கு ஆள் அனுப்பலாம்னுதான் பேசிக்கினு இருந்தோம்."

"இன்னா கவுண்டரே இது?"

"ஓட்டைங்க."

"ஓட்டைன்னு எனக்கும் தெரியுது. எத்தினி நாளா?"

"பத்து நாள் இருக்குங்க. நண்டு தோண்டினது. மொதல்ல சுண்டுவெரல் கணக்காதான் இருந்துச்சு. அப்பறம் பெருசாய்ட்டுது. தெனம் காலைல சாயங்காலம் வந்து பாத்துக்கினுதான் கீறோம்."

ஜெபகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதுவாகவே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூன்று மணி நேரம் செருப்பு தேய ஏறி வந்தவளுக்கு, சுண்டுவிரல் ஓட்டையைப் பத்து நாள் வேடிக்கை பார்த்த கதையைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"வூட்டுக்கு வூடு மம்புட்டி இல்லியா உங்களுக்கு? சுண்டுவெரல் ஓட்டைக்கு ஒரு உருண்டை களிமண்ணு போதுமே! உங்களுக்கெல்லாம் சோறு போட்டாத்தான் கை நீளுமா?"

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் வந்து நின்ற நாலைந்து பேரும் குனிந்துகொண்டார்கள். மங்கம்மாள் மட்டும் குனியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, கவுண்டன் பேசாமல் நிற்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஜெபகுமாரி அங்கேயே திரும்பி மலையிறங்கினாள். சாயங்காலத்துக்குள் கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் காலை சங்கச் செயலாளரைப் பார்க்க முடியும்.

அந்தக் குட்டை அவளுடைய முதல் வேலை. அடிவாரத்துக் கிராமத்தில் வாத்தியார் மகளாகப் பிறந்து, இருபத்தெட்டு வயது வரை தையல் வகுப்பு நடத்தி, அதில் அலுத்துப்போய்ச் சங்கத்தில் சேர்ந்தவள். கலசப்பாக்கத்தில் இரண்டு அறை வீட்டில் நடந்த சிறிய சங்கம் அது. கடல் தாண்டி எங்கோ குளிர்தேசத்துக் கோயில்காரர்கள் சிலர் சிமெண்டும் கோதுமையும் அனுப்புவார்கள். சங்கம் வேலையை நடத்தும். ஊர் உழைப்பைத் தரும். மூன்று பேரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று செயலாளர் சந்தியாகு ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுவார். மக்கள் நம் பங்காளிகள் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பங்காளிகள் வரப்புக்கு வெட்டிக்கொள்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் அப்படி எழுதுவது ஜெபகுமாரிக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் அந்த வரியை அவள் நம்பினாள்.

எண்பதாம் வருடக் கோடையில் குட்டை வேலை நடந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கோதுமையை அளந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். வேண்டாம், அங்கேயே சமைத்துப் போடலாம் என்று யோசனை சொன்னவள் ஜெபகுமாரி. கையில் கொடுத்தால் கோதுமை பாதி செங்கம் சந்தைக்குப் போய்விடும், பிள்ளைகள் வயிற்றுக்குப் போகாது என்பது அவள் கவலை. நல்ல கவலைதான். வேலை நடந்த ஐம்பத்து நான்கு நாளும் குட்டை ஓரத்தில் அடுப்பு மூட்டினாள். பெரிய அண்டாவில் கோதுமை ரவை வெந்தது. வரிசையாக உட்கார வைத்து, கரண்டியைப் பிடித்து, அவளே தன் கையால் பரிமாறினாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் பரிமாறுகிற போட்டோ ஒன்று குளிர்தேசத்துக்குப் போய், அங்கே ஏதோ ஒரு பத்திரிகையில் வந்திருப்பதாகச் சந்தியாகு சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது.

வேலை முடிந்ததும் கரை முனையில் ஒரு கல் நட்டார்கள். மூன்றடி உயரம், இரண்டடி அகலம். சங்கத்தின் பெயர், தூரதேசத்து நண்பர்களின் பெயர், தேதி. எல்லாவற்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில், 'மேற்பார்வை: செல்வி ஜெ. ஜெபகுமாரி'. மாதம் இரண்டு முறை ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்தக் கல்லின் மேல் இருக்கிற தூசியை முந்தானையால் துடைப்பாள். யாரும் பார்க்காதபோதுதான் துடைப்பாள் என்பது அவள் எண்ணம். ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை சந்தியாகு அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கார்த்திகையில வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கம்மா. இந்தக் குட்டையைப் பாத்துட்டுத்தான் மத்த அஞ்சு ஊர்லயும் குட்டை வெட்டச் சரின்னு சொல்வாங்க. அப்போ கரை இல்லாம வெறும் பள்ளத்தைக் காட்ட முடியுமா?"

"முடியாதுங்க சார்."

"நாலு மூட்டை கோதுமை ஸ்டோர்ல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. அடுப்பு மூட்டு. ரெண்டே நாள்ல அடைச்சுடுவாங்க. அதுக்குப் போய் ஊர்க்காரங்களைத் திட்டிட்டு வந்தியா?"

அவர் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மூட்டையும் அடிவாரம் வரை லாரியில் வந்து, அங்கிருந்து கழுதை மேல் ஏறி, சாயங்காலம் மங்கம்மாள் வீட்டு முன்னறையில் இறங்கின. ஊருக்கு வந்தால் ஜெபகுமாரி தங்குவது அங்கேதான். மங்கம்மாளுக்கு அவள் வயதுதான் இருக்கும். புருஷன் போய் நாலு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். மூட்டைகள் இறங்கும்போது வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புரட்டாசி மாதம் அந்த மலையில் பசி மாதம். பழைய சாமை அடிப்பானைக்குப் போயிருக்கும், புதுச் சாமை இன்னும் அறுப்புக்கு வந்திருக்காது. மூட்டைகளைப் பார்த்த கண்களில் ஆசை இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று ஜெபகுமாரிக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அவள் குட்டைக்குப் போனபோது ஓட்டை முழங்கைப் பருமனாகியிருந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. மங்கம்மாள் இரண்டு குடங்களோடு பின்னாலேயே வந்து கரையடியில் நின்றாள்.

"தண்ணி மொண்டுக்கவாங்க?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். ஊர்ப் பெண்கள் எல்லாருமே கேட்பார்கள். மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஜெபகுமாரியும் எப்போதும் சிரித்துக்கொண்டே, எடுத்துக்கோங்க எடுத்துக்கோங்க என்பாள். அன்று அவளுக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை.

"ஒவ்வொரு தடவையும் இன்னாத்துக்கு என்னைக் கேக்கறே மங்கம்மா? நான் இல்லாதப்போ யாரைக் கேட்டு மொள்றே?"

"நீங்க இல்லாதப்போ எப்புடி மொள்றது?" மங்கம்மாள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "பழைய ஊத்துக்குத்தான் போறோம்."

"மாடுங்க?"

"அதுங்களும் அங்கதான். நீங்க வர்ற அன்னிக்கு இங்க ஓட்டியாறோம். நீங்கதான் வேணான்னு சொல்றதில்லியே."

ஜெபகுமாரி கரைமேல் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு மாதம். மாதம் இரண்டு முறை அவள் வருவாள். வந்த ஒவ்வொரு முறையும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், மாடுகள் தண்ணீர் குடிக்கும். 'மக்கள் குட்டையை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று முப்பது அறிக்கை எழுதியிருப்பாள். மீதி நாட்களில் இவ்வளவு தண்ணீரும் வெயிலில் சும்மா கிடந்திருக்கிறது. பெண்கள் ஒரு மைல் நடந்து பழைய ஊற்றில் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இது உங்க குட்டைதானே மங்கம்மா? உங்களுக்குத்தானே கட்டினது?"

"எங்களுக்குக் கட்டினீங்க, சரி. ஆனா சோறு போட்டது நீங்கதானே?"

"அதுக்கு?"

மங்கம்மாள் குடங்களைக் கீழே வைத்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற சலிப்பு அவள் குரலில் இருந்தது.

"போன தை மாசம் என் வூட்டுக் கூரையை மாத்தறதுக்குப் பத்து பேர் வந்தாங்க. நான் சோறு போட்டேன். கூரை யாருது? என்னுதுதானே? சாப்ட்டவங்க நாளிக்கு வந்து அதுல ஒரு கழி உருவ முடியுமா? யாரு சோறு போடறாங்களோ வேலை அவங்குளுது. அம்பது நாளு ஒங்க கையால போட்டீங்க, ஊரே உக்காந்து துன்னுச்சு. அப்பால அது எப்புடி ஊர்க் குட்டையாவும்? கல்லுல பேர் வேற போட்டுக்கீறீங்க."

"ஊர் வேலைன்னா யாரு சோறு போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க. வூட்டுக்கு ஒரு படி போட்டு, ஒரே பானையில வடிச்சு, ஊர் துன்னும். கோயில் சொவரு அப்படித்தான் வெச்சோம். மழைக்கு ஒரு கல்லு சாஞ்சாலும் யாரும் கூப்புடாமயே போய் நிமித்துவோம்."

ஜெபகுமாரி ஓட்டையைக் காட்டினாள். "இது ஒடைஞ்சா மொதல்ல போறது ஒன் கொல்லை. நீயாவது ஒரு கை மண்ணு வெச்சிருக்கலாமே?"

மங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

"நான் எப்புடிம்மா வெப்பேன்? அடுத்தவங்க கரையில மம்புட்டி வெச்சவ திருடி. கீழ்க்கொல்லைக்காரி கைய வெச்சா, தண்ணிக்காவத்தான் வெட்டி வுட்டான்னு ஊரு சொல்லாதா? பத்து நாளா இங்க வந்து உக்காந்துக்கினு அந்த ஓட்டையைப் பாக்கறேன். ஒரு வாய் சோறு எறங்கல. நீங்க வந்து, சோறு போட்டாத்தான் கை நீளுமான்னு கேட்டுட்டுப் போறீங்க."

ஜெபகுமாரிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. தையல் வகுப்பில் ஒரு முறை சின்னப் பெண் ஒருத்தியை ஊசி திருடியதாகத் திட்டிவிட்டு, பிறகு அந்த ஊசியைத் தன் ரவிக்கையிலேயே கண்டுபிடித்தாள். அன்று பட்ட வெட்கமே பெரிது என்று இதுவரை நினைத்திருந்தாள்.

நேரே அர்ச்சுனனிடம் போனாள். குட்டையை ஊருக்கே கொடுத்துவிட்டேன், இனிமேல் என்னுடையது இல்லை என்றாள். அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான்.

"வாயால குடுத்தா ஆவாதுங்க. சாப்ட்டதைத் திருப்பித் தர முடியுங்களா?"

"அப்போ இன்னாதான் வழி?"

அவன் ஊரைக் கூப்பிட்டான். புளியமரத்தடியில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆள் ஆளுக்குப் பேசி, ஒரு மணி நேரத்தில் வழி வந்தது. ஒருவர் சோறு போட்டுக் கட்டிய வீட்டை இன்னொருவர் வாங்கிக்கொண்டால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் சோறு ஆக்குவார். முன்னே சோறு போட்டவர் வந்து, அந்த வீட்டுக்கு ஒரு நாள் மண் சுமந்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அதோடு சரி, வீடு கை மாறிவிடும். குட்டைக்கும் அதையே செய்யலாம். ஊர் ஒரே பானையில் சோறு ஆக்க வேண்டும். சங்கத்தம்மா மண் சுமந்து சாப்பிட வேண்டும். மூட்டையிலிருந்து ஒரு பிடி கோதுமைகூட அடுப்புக்குப் போகக் கூடாது.

தசரதன் எழுந்தான். ஐந்து பிள்ளைக்காரன். ஒளிவுமறைவு தெரியாதவன்.

"கோதுமை மங்கம்மா வூட்டுல கீது. பசி எங்க வூட்டுல கீது. வூட்டுக்கு ஒரு படி சாமைக்கு எங்க போறது? இந்தத் தடவைக்குக் கோதுமையைத் துன்னுட்டு அடைச்சுடலாம். குட்டை யாருதுங்கறத அறுப்புக்கு அப்பால பேசிக்கலாம்."

பலருக்கும் அதுதான் சரியென்று பட்டது. தலைகள் ஆடின. அர்ச்சுனன் ஜெபகுமாரியைப் பார்த்தான். மேகம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மூட்டையை அவிழ்த்தால் மத்தியானமே வேலை ஆரம்பித்துவிடும், கரை பிழைத்துக்கொள்ளும், சந்தியாகு மெச்சிக்கொள்வார். அந்த அஞ்சு ஊரும் கைக்கு வரும். அவிழ்க்காவிட்டால் இவர்கள் சாமை போடுவார்களா மாட்டார்களா என்றே தெரியாது.

"தசரதன் சொல்றது நெசந்தான்," என்றாள். "மூட்டை அங்கதான் கீது. அவுக்கணும்னு ஊர் சொன்னா அவுக்கறேன். கரையும் நிக்கும். ஆனா அடுத்த வருசம் நண்டு வந்தா, மறுபடி நான் கலசப்பாக்கத்துல இருந்து வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கினுதான் நிப்பீங்க. நான் சங்கத்துல எத்தினி வருசம் இருப்பேன்னு எனக்கே தெரியாது. என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியல."

மங்கம்மாள் எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் படி இருந்தது. சாமை குவிந்து நின்ற, தலை தட்டாத படி. அதை நடுவில் விரித்திருந்த துண்டில் கொட்டினாள். அவள் வீட்டு அடிப்பானையில் மொத்தமே எவ்வளவு இருந்தது என்று முந்தின நாள் சமையலின்போது ஜெபகுமாரி பார்த்திருந்தாள். மூன்று படிக்கு மேல் இருக்காது.

கீழ்க்கொல்லைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு மற்றவர்கள். தசரதன் கடைசியாக அரைப்படி கொண்டுவந்து, மீதி அரைப்படிக்கு அவரைக்கொட்டை இருக்கிறது என்றான். அதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் நாளில் மண்ணை வெட்டுவதில்லை என்றார்கள். ஞாயிறு விடிந்ததும் வேலை. ஜெபகுமாரிக்குத் திக்கென்றது. பிறந்ததிலிருந்து அவள் ஆராதனைக்குப் போகாத ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அவர்கள் தங்கள் நாளை விடாதபோது தன் நாளைச் சொல்லி இன்னொரு நாள் தள்ளிப்போட அவளுக்கு வாய் வரவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை அர்ச்சுனன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கைநிறையச் சாமை உமியை எடுத்துத் தண்ணீர் மேல் தூவினான். உமி மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் சுழன்று உள்ளே போயிற்று. அங்கே காலை வைத்துப் பார்த்துவிட்டு, பானை வாய் அகலம் என்று சொன்னான். ஆண்கள் களிமண் வெட்ட, பெண்கள் கூடையில் சுமக்க, கரைமேல் வரிசை நகர்ந்தது. ஜெபகுமாரியும் சும்மாடு கட்டிக்கொண்டு அந்த வரிசையில் நின்றாள். இத்தனை நாள் இதே கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றவள். பத்தாவது கூடையில் கழுத்து இறங்கியது. இருபதாவதில் உள்ளங்கை கொப்புளித்தது.

"அரைக்கூடை எடுத்தாந்தா எப்புடிங்க?" அர்ச்சுனன் தண்ணீரிலிருந்து சத்தம் போட்டான். "ரொப்பிக்கினு வாங்க!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்த ஊரில் அவளை யாரும் அதட்டியதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த கூடையை ரொப்பிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் அடுப்பிலிருந்து பானை இறங்கியது. சாமைச் சோறும் அவரைக் குழம்பும். மந்தாரை இலைகள் போட்டு வரிசை உட்கார்ந்தது. பழக்க தோஷம், ஜெபகுமாரியின் கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. மங்கம்மாள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். மங்கம்மாள் அவள் இலையில்தான் முதலில் போட்டாள். ஊர் முழுவதும் கை நனைக்காமல் காத்திருந்தது. அவள் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். கொப்புளத்தில் குழம்பு பட்டு எரிந்தது. சோறு அரை வயிற்றுக்குத்தான் இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான். இன்னொரு கரண்டி போட வந்தபோது அவள் வேண்டாமென்று இலையை மறைத்தாள். மங்கம்மாள் விடவில்லை. கூப்பிட்டவள் போடுவதை வேலைக்கு வந்தவள் மறுக்கக் கூடாதாம்.

சாப்பிட்டு எழுவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. உள்பக்க வாயில் போட்ட களிமண் நிற்கவில்லை. போடப் போட உறிஞ்சிக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேறாகக் கொட்டியது. வைக்கோல் கட்டு வைத்தார்கள், அதுவும் உள்ளே போய் மறுபக்கம் வந்து விழுந்தது. தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. மேலே ஓடையில் செந்தண்ணீர் வர ஆரம்பித்தது. மங்கம்மாள் தன் கொல்லையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பலகைக் கல்லு ஒண்ணு வேணும்," என்று அர்ச்சுனன் கத்தினான். "வாயை மூடறாப்புல. அதுக்கு மேல மண்ணு போட்டாத்தான் நிக்கும்."

அந்தச் சுற்றில் எல்லாம் உருண்டைப் பாறைகள். தட்டையான கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அர்ச்சுனன் கரை முனையைப் பார்த்தான்.

"அந்தக் கல்லைப் புடுங்கிக்கினு வாங்கடா!"

தசரதனும் கோவிந்தன் என்றொருவனும் கடப்பாரையோடு ஓடினார்கள். இரண்டு நெம்பு நெம்பினார்கள், கல் சாய்ந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். போகும்போது, மழையில் நனைந்து பளிச்சென்று தெரிந்த தன் பெயரை அவள் ஒரு முறை படித்தாள். பிறகு கல் தண்ணீருக்குள் போயிற்று, எழுத்துப் பக்கம் ஓட்டையைப் பார்த்தபடி. உறிஞ்சின வேகத்தில் அது போய் அப்பிக்கொண்ட சத்தம் கரைமேல் கேட்டது.

அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவள் பெயர் எழுதிய கல் உலகத்தில் வேறெங்கும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. கூடையைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றாள். நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. கல்லைப் பிடுங்கச் சொன்ன அர்ச்சுனனும், பிடுங்கிய இருவரும், தூக்கிய நாலு பேரும், யாருமே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுக்கட்டுங்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினாறு மாதத்தில் இந்தக் குட்டையில் அவளைக் கேட்காமல் நடந்த முதல் காரியம் அது. அந்த வலியோடேயே அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னா நின்னுக்கினு கீறீங்க?" அர்ச்சுனன் கத்தினான். "மண்ணு கொண்டாங்க!"

ஓடினாள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலு மூட்டையும் கட்டு அவிழாமல் செவ்வாய்க்கிழமை கழுதை மேல் இறங்கிப் போயின. பசித்த ஊருக்குக் கொண்டுபோன கோதுமையைத் திருப்பிக்கொண்டு வந்தவளோடு சந்தியாகு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்த்திகையில் விருந்தாளிகள் வந்து, கல் எங்கே என்று கேட்டார்கள். கரைக்குள்ளே இருக்கிறது என்று அவள் சொன்னதை அவர்களுக்குச் சந்தியாகு எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. அந்த அஞ்சு ஊரில் மூன்றுக்குத்தான் சரி என்றார்கள். அந்த மூன்றிலும் ஜெபகுமாரி கரண்டியைத் தொடவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் வெளிச்சரிவில் தண்ணீர் விரல் பருமனாகி, நூலாகி, வெறும் ஈரமாகிவிட்டது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கரை அசையவில்லை. கீழே சாமைக் கதிர்கள் மழைக்குத் தலை குனிந்து நின்றன. ஆட்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் அவள்தானே, சாப்பிட்டவள் அவள்.

தலையிலிருந்து கால் வரை சேறு. கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு குட்டைக்கு இறங்கப் போனவள், கரையடியில் நின்றுவிட்டாள். மங்கம்மாள் கரைமேல் நின்று மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"மங்கம்மா," என்று கூப்பிட்டாள். "தண்ணி மொண்டுக்கவா?"

மங்கம்மாள் மிதிப்பதை நிறுத்தினாள். குட்டையை ஒரு முறை பார்த்தாள், அவளை ஒரு முறை பார்த்தாள். அவசரப்படவில்லை.

"மொண்டுக்குங்க," என்றாள். "ஆனா அந்தப் பக்கமா எறங்குங்க. இந்த மண்ணு இன்னிக்குத்தான் போட்டது."

ஜெபகுமாரி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் இறங்கினாள்.